திறப்பதற்கு முன் ஸ்கேன் செய்யுங்கள்! பழைய மாடல் ரயில் என்ஜினுக்கு மீண்டும் உயிர்

கம்ப்யூட்டர் இதழில் பொம்மை ரயிலுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். இரண்டுக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1946ல் மாணவர்கள் தொடங்கிய டெக் மாடல் ரெயில்ரோட் கிளப்பில்தான், ரயில் பாதைகளுக்கு அடியில் ஒயரும் ரிலேயும் இணைத்துப் பழகிய கைகள் பின்னர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பின. நாம் இன்று பயன்படுத்தும் "ஹேக்" என்ற சொல்லுக்குக் கம்ப்யூட்டர் உலகில் வேரூன்றிய இடமும் அதுதான்.

இந்தக் கட்டுரையில் அந்த உறவை நம் வீட்டு மேஜைக்குக் கொண்டு வருவோம். பரணில் கிடந்ததோ, வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்ததோ, ஒரு பழைய மாடல் என்ஜின் உங்களிடம் இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் முனகுகிறது, நகரவில்லை. அதன் இயக்கப் பகுதி எந்த வகை என்று கண்டுபிடித்து, சுத்தம் செய்து, மீண்டும் ஓட வைப்பது எப்படி என்று பார்க்கலாம். இந்த வேலையில் உங்கள் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் ஸ்குரூ டிரைவருக்குச் சமமான கருவிகள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பழைய மோட்டாரைப் பார்த்ததும் பிரித்து மேய வேண்டும் என்று கை துறுதுறுக்கும். நானும் அப்படித்தான் ஒரு மோட்டாரின் ஆர்மேச்சரை உருவி வெளியே எடுத்து, இரவு முழுவதும் தட்டில் வைத்திருந்தேன். மறுநாள் பொருத்தியபோது என்ஜின் வேகமாக ஓடியது. ஆனால் இரண்டு பெட்டிகளை மாட்டியதும் நின்றுவிட்டது. காரணம் பின்னால் வருகிறது. அதுவரை, "அடையாளம் காணும் வரை எதையும் கழற்றுவதில்லை" என்பது மட்டும் மனதில் இருக்கட்டும்.

தேவையான பொருட்கள்

சிறிய ஸ்குரூ டிரைவர், டிஜிட்டல் மல்ட்டிமீட்டர், காது குடையும் பஞ்சுக் குச்சி, பல் குத்தும் மரக்குச்சி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மெல்லிய மெஷின் ஆயில், ஒரு காம்பஸ், கம்ப்யூட்டர், ஸ்கேனர் அல்லது கேமரா உள்ள போன். அளவு கூட்டிக் குறைக்கக்கூடிய 12 வோல்ட் டி.சி. பவர் சப்ளை இருந்தால் நல்லது.

பழைய கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் வருகிறதே, அதையே கொடுத்தால் என்ன என்று நினைக்காதீர்கள். அது பல ஆம்பியர் கரண்ட் தரக்கூடியது. என்ஜினுக்குள் ஷார்ட் இருந்தால் வைண்டிங் கருகிய பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

படி 1: ஒரு போல்டர் திறங்கள்

கம்ப்யூட்டரில் என்ஜினின் பெயரில் ஒரு போல்டர் உருவாக்குங்கள். மேல், கீழ், இரு பக்கங்கள், முன், பின் என ஆறு படங்கள் எடுத்து 01, 02, 03 என்று எண் கொடுத்து அதில் சேமியுங்கள். ஒவ்வொரு ஸ்குரூவைக் கழற்றும்போதும் முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். கழற்றிய ஸ்குரூவை ஒரு வெள்ளைத் தாளில் செலோடேப் போட்டு ஒட்டி, அதன் பக்கத்தில் படத்தின் எண்ணை எழுதுங்கள். மாட்டும்போது படங்களைக் கடைசியிலிருந்து முதலாவது வரை பார்த்துக் கொண்டே வந்தால் போதும்.

படி 2: எந்த வகை இயக்கம்? நான்கு கேள்விகள்

1. சாவித் துளை இருக்கிறதா? பக்கவாட்டில் சாவி நுழைக்கும் துளை இருந்தால் அது ஸ்பிரிங்கில் ஓடும் என்ஜின். பிரிட்டனில் லிவர்பூல் நகரின் மெக்கானோ நிறுவனம் 1920ல் ஹார்ன்பி ரயில்களை இந்த வகையில்தான் தொடங்கியது. இதன் ஸ்பிரிங்கைப் புதியவர்கள் பிரிக்கக் கூடாது. சுருண்டிருக்கும் எஃகுப் பட்டை விடுபட்டால் விரலைக் கிழித்துவிடும். கீழே வருபவை மின்சார என்ஜின்களுக்கானவை.

2. காந்தம் இருக்கிறதா? காம்பஸை மோட்டாருக்கு அருகில் கொண்டு செல்லுங்கள். முள் பலமாகத் திரும்பினால் உள்ளே நிலைக்காந்தம் இருக்கிறது. அது டி.சி. மோட்டார். முள் அசையவில்லை, காந்தம் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு கம்பிச்சுருள் இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் ஏ.சி.யில் ஓடும் வகை. அமெரிக்காவின் லயனல், ஜெர்மனியின் மார்க்லின் ஆகியவற்றின் பழைய என்ஜின்கள் இப்படிப்பட்டவை. காந்தம் உள்ள டி.சி. மோட்டாருக்கு ஏ.சி. கொடுத்தால் "ம்ம்ம்" என்று அதிருமே தவிர ஓடாது. சூடாகி வைண்டிங் போய்விடும். அதனால் மின்சாரம் கொடுக்கும் முன்பே இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்.

3. கரண்ட் எங்கிருந்து வருகிறது? என்ஜினைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தின் நடுவில் தண்டவாளத்தைத் தொடுவதற்கான தகடு இருந்தால் அது மூன்று தண்டவாள முறை. 1938ல் வந்த ஹார்ன்பி டப்ளோ இந்த முறையில் 12 வோல்ட் டி.சி.யில் ஓடியது. 1959ல்தான் அதே பெயரில் இரண்டு தண்டவாள ரயில்கள் வந்தன. மார்க்லினில் பெரும்பாலும் நீளமான வழுக்குத் தகடு இருக்கும். நடுத் தகடு இல்லை, ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் உலோகச் சட்டத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தால் இரண்டு தண்டவாள முறை.

4. தள்ளினால் உருள்கிறதா? மேஜையில் வைத்து விரல் நுனியால் மிக மெதுவாகத் தள்ளுங்கள். எளிதாக உருண்டால் சாதாரணப் பல்சக்கரங்கள் வரிசையாக இணைந்த அமைப்பு. சக்கரம் பூட்டியது போல நின்றால், மோட்டாரின் முனையில் திருகு போன்ற "வார்ம்" இருக்கிறது. வார்ம் சுழன்றால் சக்கரம் சுழலும். சக்கரத்தைச் சுழற்றினால் வார்ம் சுழலாது. ஆகவே நின்றவுடன் தள்ளுவதை நிறுத்துங்கள். குழந்தைகள் பொம்மைக் கார் போல இதைத் தரையில் தள்ளி விளையாடித்தான் பல என்ஜின்களின் பற்கள் மழுங்கின.

ஒரு உதாரணம்: டிரை-ஆங் எக்ஸ்04

மேலே உள்ள கேள்விகளுக்கு "சாவி இல்லை, காந்தம் உண்டு, இரண்டு தண்டவாளம், தள்ளினால் உருளவில்லை" என்று விடை வந்தால், பிரிட்டிஷ் என்ஜின்களில் நீங்கள் சந்திக்க அதிக வாய்ப்புள்ளது எக்ஸ்04 என்ற மோட்டார். லைன்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் 1951ல் ரோவெக்ஸை வாங்கி, டிரை-ஆங் ரெயில்வேஸ் என்ற பெயரில் ரயில்கள் செய்தது. 1954ல் தொழிற்சாலை மார்கேட் நகருக்கு வந்தது. 1964ல் மெக்கானோவும் அவர்கள் கைக்கு வர, 1965 முதல் பெட்டிகளில் டிரை-ஆங் ஹார்ன்பி என்று அச்சானது. 1972ல் அது ஹார்ன்பி ரெயில்வேஸ் ஆனது. ஆகவே பெட்டியில் இருக்கும் பெயரே உங்கள் என்ஜினின் வயதை ஓரளவு சொல்லிவிடும்.

எக்ஸ்04ஐ அடையாளம் காண்பது எளிது. மூடியில்லாத திறந்த மோட்டார் அது. ஒரு முனையில் கட்டையான காந்தம், இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே மூன்று சுருள்கள் கொண்ட ஆர்மேச்சர், தண்டின் நுனியில் வார்ம். மறுபக்கம் செம்பு நிறத்தில் கம்யூட்டேட்டர். அதன் இருபுறமும் இரண்டு கார்பன் பிரஷ்களை அழுத்திப் பிடிக்க, கொண்டை ஊசி போல வளைந்த ஒரே ஸ்பிரிங்.

அந்த ஸ்பிரிங்கை நன்றாகப் பாருங்கள். அதன் ஒரு காலில் மட்டும் சிறிய காப்புக் குழாய் மாட்டியிருக்கும். ஒரு பிரஷ் சட்டத்தோடு இணைந்தது, மற்றது தனித்து நிற்க வேண்டியது. இரண்டையும் ஒரே உலோக ஸ்பிரிங் தொடுவதால், இந்தக் குழாய் இல்லாவிட்டால் நேரடி ஷார்ட். "மோட்டார் எரிந்துவிட்டது" என்று ஒதுக்கிய என்ஜினில் இந்தக் குழாய் மட்டும் தொலைந்திருக்கலாம். மெல்லிய ஒயரின் மேலுறையில் சில மில்லிமீட்டர் வெட்டி மாட்டினால் வேலை முடிந்தது.

படி 3: ஸ்கேனரால் அளவெடுங்கள்

பல்சக்கரம் தேய்ந்திருந்தால் மாற்றுச் சக்கரம் தேட வேண்டும். அதற்குப் பற்களின் எண்ணிக்கையும் விட்டமும் தேவை. பிளாட்பெட் ஸ்கேனரின் கண்ணாடி மீது ஓ.எச்.பி. தாள் போன்ற தெளிவான பிளாஸ்டிக் தாளை விரியுங்கள். கீறலும் எண்ணெயும் கண்ணாடியில் படாது. சக்கரத்தை வைத்து 600 டி.பி.ஐ. தேர்வு செய்து ஸ்கேன் செய்யுங்கள்.

கவனிக்க: சி.சி.டி. வகை ஸ்கேனர் கண்ணாடிக்கு மேலே சற்று உயரத்தில் இருப்பதையும் தெளிவாகப் படிக்கும். யு.எஸ்.பி. ஒயரிலிருந்தே மின்சாரம் எடுக்கும் மெல்லிய ஸ்கேனர்களும், ஆல் இன் ஒன் பிரிண்டர்களில் உள்ளவையும் பெரும்பாலும் சி.ஐ.எஸ். வகை. அவற்றில் கண்ணாடியை ஒட்டிய பகுதி மட்டுமே தெளிவாக வரும். அப்படியானால் போன் கேமராவைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஜூம் செய்து, சக்கரத்தின் அதே உயரத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்துப் படமெடுங்கள்.

படத்தை பெயிண்ட் புரோகிராமில் திறங்கள். பெரிதாக்கி, எண்ணிய ஒவ்வொரு பல்லிலும் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டே போனால் எண்ணிக்கை தவறாது. மவுஸை ஒரு ஓரத்தில் வைத்தால் கீழே பிக்சல் எண் தெரியும். எதிர் ஓரத்திலும் பார்த்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள்.

600 டி.பி.ஐ. என்றால் ஒரு அங்குலத்துக்கு, அதாவது 25.4 மி.மீ.க்கு, 600 பிக்சல். உதாரணமாக விட்டம் 260 பிக்சல் வந்தால், 260ஐ 600ஆல் வகுத்து 25.4ஆல் பெருக்குங்கள். விடை 11 மி.மீ. அதில் 20 பற்கள் இருந்தால், எண்ணிக்கையோடு 2 கூட்டி 22ஆல் வகுக்க வேண்டும். 0.5 வரும். இதுதான் "மாட்யூல்" எனப்படும் பல் அளவு. வார்மோடு சேரும் சக்கரத்தின் விளிம்பு சில சமயம் குழிந்திருக்கும் என்பதால் இது தோராயக் கணக்குதான். பிரிட்டிஷ் பட்டியல்களில் டி.பி. என்ற அங்குலக் கணக்கு இருந்தால், 25.4ஐ மாட்யூலால் வகுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை எக்செல்லிலோ லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ ஒருமுறை பார்முலாவாகப் போட்டு வைத்தால், அடுத்த என்ஜினுக்கும் உதவும்.

வார்மையும் பல்சக்கரத்தையும் ஜோடியாகவே பாருங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பிட்ச் பொருந்தாமல் பல்லைக் கடிக்கும். சக்கரத்தை அச்சிலிருந்து பிடுங்கவும் வேண்டாம். ஸ்டீம் என்ஜின் மாடல்களில் இடது, வலது சக்கரங்கள் ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். அது கொஞ்சம் மாறினாலும் இணைப்புக் கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் மாட்டிக்கொள்ளும்.

படி 4: சுத்தம் செய்யும் முன் சோதனை

பவர் சப்ளையிலிருந்து என்ஜினுக்குப் போகும் ஒயர் ஒன்றில் 12 வோல்ட், 10 வாட் பல்பு ஒன்றை சீரிஸில் இணையுங்கள். மின்சாரம் கொடுத்ததும் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட், அல்லது மோட்டார் சுழல முடியாமல் இறுகியிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். மங்கலாக எரிந்து மோட்டார் சுழன்றால் நல்ல செய்தி.

பல்பே எரியவில்லை என்றால் இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது. சப்ளையைத் துண்டித்து, பிரஷ்களைக் கழற்றி, மல்ட்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, கம்யூட்டேட்டரின் மூன்று துண்டுகளை இரண்டிரண்டாகத் தொடுங்கள். மூன்று அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேறுபட்டால் ஒரு சுருளில் கோளாறு. எந்தத் துண்டுக்கும் தண்டுக்கும் இடையே தொடர்பு காட்டக் கூடாது.

இயங்கும் மோட்டார் என்றால் பல்பை எடுத்துவிட்டு, மீட்டரை ஆம்பியரில் வைத்து, சக்கரங்கள் தரையைத் தொடாதபடி என்ஜினைப் பிடித்து, எத்தனை வோல்ட்டில் எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்று போல்டரில் குறித்து வையுங்கள். இந்த ஒரு எண் பின்னால் உங்களுக்கு மிகவும் பயன்படும்.

படி 5: சுத்தம்

ஐம்பது வருடம் கிடந்த என்ஜினில் பாதிக் கோளாறு அழுக்குதான். எண்ணெய் உறைந்து மெழுகு போல் ஆகியிருக்கும்.

* ஸ்பிரிங்கைத் தூக்கி பிரஷ்களை எடுங்கள். கார்பன் மிகவும் தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். எக்ஸ்04க்கு மாற்று பிரஷ்கள் இன்றும் செய்யப்படுகின்றன.
* பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து கம்யூட்டேட்டரைத் துடையுங்கள். பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும் வரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும்.
* துண்டுகளுக்கு இடையே உள்ள மூன்று பள்ளங்களில் கார்பன் தூள் அடைந்திருக்கும். மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டுங்கள். உப்புக் காகிதம் வேண்டாம். செம்பில் கீறல் விழுந்தால் புதிய கார்பனையும் அது தின்றுவிடும்.
* சக்கரத்தின் விளிம்புகளையும் கரண்ட் எடுக்கும் தகடுகளையும் துடையுங்கள்.
* தண்டின் இரு முனைகளிலும் ஊசி நுனியால் ஒரு சொட்டு மெஷின் ஆயில். அங்கே எண்ணெய் பிடித்து வைக்கும் சிறிய கம்பளித் துண்டு இருந்தால் அதில் விடுங்கள். தேங்காய் எண்ணெயும் சமையல் எண்ணெயும் சில மாதத்தில் பிசினாகிவிடும். கம்யூட்டேட்டரில் எண்ணெய் படவே கூடாது.
* நெயில் பாலிஷ் ரிமூவரை என்ஜினின் பக்கத்திலேயே வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உடலைக் கரைத்துவிடும்.

கவனித்தீர்களா? இவற்றில் எதற்கும் ஆர்மேச்சரை வெளியே எடுக்க வேண்டிய தேவை வரவில்லை.

ஏன் ஆர்மேச்சரை எடுக்கக் கூடாது?

பழைய மோட்டார்களின் காந்தம், இன்றைய நியோடைமியம் காந்தம் போல உறுதியானது அல்ல. காந்தத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் விசைக்கு ஆர்மேச்சரின் இரும்பு ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் விசை காற்றில் சுற்றிவர வேண்டும். அந்த நிலையில் காந்தத்தின் பலம் குறைகிறது. ஆர்மேச்சரைத் திரும்பப் போட்டாலும் போன பலம் முழுதாக வருவதில்லை. என் மோட்டாருக்கு நடந்தது இதுதான்.

பலம் குறைந்த காந்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? சுழலும் மோட்டார் தானும் ஒரு சிறு ஜெனரேட்டராக இருந்து, உள்ளே வரும் கரண்டை எதிர்த்துத் தள்ளும். காந்தம் பலவீனமானால் இந்த எதிர்ப்புக் குறைகிறது. மோட்டார் அதிக வேகத்தில் சுழல்கிறது, அதிக கரண்ட் குடிக்கிறது, சூடாகிறது, இழுக்க மட்டும் தெம்பில்லை. வெறுமனே ஓடும்போது பறப்பதும், பெட்டி மாட்டினால் நிற்பதும் இதன் அடையாளம். படி 4ல் குறித்த கரண்டோடு இப்போதைய கரண்டை ஒப்பிட்டால் சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும்.

எடுத்தே தீர வேண்டும் என்றால், ஆர்மேச்சர் வெளியே வரும்போதே இரண்டு இரும்புத் தகடுகளையும் ஒட்டியபடி ஒரு இரும்புத் துண்டைப் பாலமாக வையுங்கள். இதற்கு கீப்பர் என்று பெயர். பலம் போய்விட்டால் மறுகாந்தமேற்றும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுக்க வேண்டும், அல்லது எக்ஸ்04 அளவில் கிடைக்கும் நியோடைமியம் காந்தத்தை மாற்றலாம்.

சரி செய்ய முடியாத ஒன்று

சட்டமோ சக்கரமோ வார்ப்பு உலோகமாக இருந்து, அதில் மயிரிழை போல வெடிப்புகள், வீக்கம், வளைவு தெரிந்தால் திருகி முறுக்காதீர்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு சேர்ந்ததால் உள்ளிருந்தே அரிக்கும் நோய் இது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்புகளில் அதிகம். இதற்கு மருந்து கிடையாது. பசை போட்டாலும் பக்கத்தில் வெடிக்கும். அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே ஸ்கேன் படத்தில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டால் வீண் உழைப்பு மிச்சம்.

படி 6: வேகத்தைக் கணக்கிடுங்கள்

வேலை முடிந்ததா? சக்கரத்தின் ஒரு ஆரத்தில் சிறு வெள்ளைப் புள்ளி வைத்து, என்ஜினைத் தூக்கிப் பிடித்து ஓடவிட்டு, போனில் வீடியோ எடுங்கள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, புள்ளி ஒரு சுற்று வர எத்தனை பிரேம் ஆகிறது என்று எண்ணுங்கள்.

நொடிக்கு 30 பிரேம் வீடியோவில் 12 பிரேம் ஆனால் ஒரு சுற்றுக்கு 0.4 நொடி. நிமிடத்துக்கு 150 சுற்று. வார்ம் ஒரு சுற்றுக்கு ஒரு பல் நகர்த்தும் வகையாக இருந்து, சக்கரத்தில் 20 பற்கள் இருந்தால், மோட்டார் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. சக்கர விட்டம் 24 மி.மீ. என்றால் என்ஜின் நிமிடத்தில் சுமார் 11.3 மீட்டர் ஓடும். பிரிட்டிஷ் ஓ.ஓ. அளவு நிஜ ரயிலில் 76ல் ஒரு பங்கு. ஆகவே உங்கள் மேஜை என்ஜின் நிஜத்தில் மணிக்கு சுமார் 52 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது!

கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டலாமா?

1990களில் தரப்படுத்தப்பட்ட டி.சி.சி. முறையில் ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் டிகோடர் வைத்துக் கம்ப்யூட்டரிலிருந்தே கட்டுப்படுத்தலாம். ஆனால் எக்ஸ்04ல் ஒரு பிரஷ் சட்டத்தோடு இணைந்திருக்கிறது என்று பார்த்தோம். அந்த இணைப்பைத் துண்டித்து இரண்டு பிரஷ்களையும் தனிமைப்படுத்தாமல் டிகோடரை மாட்டினால், முதல் நொடியிலேயே டிகோடர் போய்விடும். கரண்ட் அளவும் டிகோடர் தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். அதற்கும் நீங்கள் குறித்து வைத்த எண்தான் உதவும்.

பழகிக்கொள்ள விலை மதிப்புள்ள என்ஜினில் கை வைக்க வேண்டாம். கெட்டுப்போன சி.டி. டிரைவ் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். தட்டை வெளியே தள்ளும் குட்டி மோட்டாரும் நிலைக்காந்தமும் பிரஷ்ஷும் கொண்ட டி.சி. மோட்டார்தான். அதில் படமெடுத்து, ஸ்கேன் செய்து, பல் எண்ணிப் பழகிய பிறகு என்ஜினுக்கு வாருங்கள். அந்த போல்டரை அழித்துவிடாதீர்கள். அடுத்த முறை இந்த என்ஜினைத் திறக்கப் போவது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். அப்போது அதுதான் அதற்கான சர்வீஸ் புத்தகம்.